தூங்கினோம், சாப்பிட்டோம், விளையாடினோம்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை 11.10 மணிக்கு, குழந்தைகள் நலத் துறை அலுவலகத்தின் முதல் மாடியில், ஆறாம் எண் சன்னலில், ஒரு பயிற்சி மாணவியின் 214 மணி நேரச் செய்முறைப் பயிற்சியில் 131 மணி நேரம் அடிக்கப்பட்டது.

அடித்த எழுத்தர் கோபக்காரர் அல்ல. சிவப்புப் பேனாவோடு ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலும் வைத்திருந்தார். அடிக்க வேண்டிய வரியின் மேல் கோலை வைத்து, கோணாமல் கோடு இழுத்து, ஓரத்தில் விதி எண்ணை எழுதுவார். நாற்பத்தொரு நாள் நோட்டில் அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கோடுகள் விழுந்திருந்தன. கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் ஓரத்தில் 11 என்றே எழுதியிருந்தார்.

"எண்பத்து மூணு மணி நேரம் தேறுதும்மா. ரெண்டாம் தவணை உதவித்தொகைக்கு இருநூறு வேணும்" என்றார்.

"நான் இருநூத்திப் பதினாலு பார்த்திருக்கேன் சார்."

"பார்த்திருக்கீங்க. ஆனா அதுல பாதி நேரம் தூங்கியிருக்கீங்களே."

மாணவிக்கு முதலில் புரியவில்லை. அவர் நோட்டைச் சன்னலின் இடுக்கு வழியாகத் திருப்பிக் காட்டினார். அவளுடைய கையெழுத்துதான். 10.00 பழம் சாப்பிட்டோம். 10.30 மணலில் விளையாடினோம். 12.15 சாப்பிட்டோம். 1.00 முதல் 3.00 வரை தூங்கினோம். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

"விதி பதினொண்ணு. உணவு, ஓய்வு, பொழுதுபோக்கு கணக்குல வராது" என்றார் எழுத்தர்.

"தூங்கினது நான் இல்லீங்க சார். குழந்தைங்க."

"குழந்தைங்க தூங்கினா 'தூங்கின'ன்னு வரும். 'தூங்கினோம்'னு இருந்தா நீங்களும் அதுல உண்டு. இது நாலாம் வகுப்புப் பாடம்."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "நல்ல வேலையா இருக்கே சார், எனக்கும் ஒரு பாரம் கொடுங்க" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். எழுத்தர் சிரிக்கவில்லை. அவர் ஓரிடத்தில் மட்டும் குழம்பியிருந்தார். 'அழுதோம்' என்று நாலு நாள் எழுதியிருந்தது. அது உணவா, ஓய்வா, பொழுதுபோக்கா என்று தெரியாமல், கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் 'பொருந்தாது' என்று போட்டிருந்தார்.

அந்த 'ஓம்' எங்கிருந்து வந்தது என்பதைச் சன்னலில் நின்று விளக்க முடியாது. குழந்தைகள் காப்பகத்தில் அது தொழில்மொழி. இரண்டு வயதுப் பிள்ளையிடம் "கை கழுவு" என்றால் உடம்பை விறைத்துக்கொள்ளும். "இப்ப நாம கை கழுவப்போறோம்" என்றால் எழுந்து வரும். அதனால் அங்கே வேலை செய்பவர்கள் எல்லாவற்றையும் 'நாம்' போட்டே பேசுவார்கள். நாம சாப்பிட்டாச்சு, நாம மூக்கைச் சிந்தியாச்சு, நாம அடிக்க மாட்டோம். சேர்ந்த மூன்றாவது வாரமே மாணவி வீட்டில் கணவனிடம், "வந்ததும் நாம சட்டையைக் கழட்டி எங்க போடப்போறோம்?" என்று கேட்டாள். லிப்ட் பழுதுபார்க்கும் அந்த மனிதர், கிரீஸ் பட்ட சட்டையை மறுபேச்சு இல்லாமல் அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு வந்தார். பேச்சு நாக்கோடு நிற்கவில்லை, கைக்கும் வந்து நோட்டில் இறங்கிவிட்டது.

"மறுபரிசீலனைக்குப் பத்து வேலைநாள் இருக்கு" என்றார் எழுத்தர். பிறகு சன்னல் இடுக்குக்கு முகத்தைக் கொண்டுவந்து குரலைத் தணித்தார். "ஒண்ணு செய்ங்கம்மா. புது நோட்டு வாங்கி, 'தூங்க வைத்தேன்', 'ஊட்டினேன்'னு மாத்தி எழுதி, உங்க பொறுப்பாளர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. பழசை நான் பார்க்கல."

மார்ச் எட்டாம் தேதி இரண்டாம் பருவம் தொடங்குகிறது. உதவித்தொகை வராதவர்களின் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். முப்பத்தோரு வயதுக்கு மேல் இன்னொரு முறை விண்ணப்பிக்க முடியாது, அவளுக்கு முப்பத்தொன்று. இதற்காகத்தான் ஒன்பது ஆண்டுகள் அட்டைப்பெட்டி ஒட்டிய வேலையை விட்டு வந்திருந்தாள். அங்கே அவளுக்கு டேப்பு என்று பெயர். கணவர் இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அவள் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். கணக்குக்கான நாட்கள் முடிந்திருந்தாலும், காப்பகத்தில் ஆள் போதாததால் தினமும் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு மணிக்குத் தூக்க அறையில் திரைகளை இழுத்தார்கள். பதினாலு பாய்கள், பதினாலு பிள்ளைகள். பாய்களுக்கு நடுவில் ஓராள் நடக்குமளவு வழி. காப்பகப் பொறுப்பாளர் மாணவியைவிட ஐந்து வயது இளையவர். அவளை அக்கா என்றுதான் அழைப்பார். இருவரும் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து கிசுகிசுவென்று பேசினார்கள்.

"புது நோட்டுல மாத்தி எழுதிட்டு வரச் சொல்றார்" என்றாள் மாணவி.

"கையெழுத்து?"

"நீங்கதான் போடணும்."

பொறுப்பாளர் மூலையில் கிடந்த பாயைக் காட்டினார்.

"போன வருஷம் அந்த மூலைப் பாயில ஒரு குழந்தைக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்துச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்குத் தூங்கினா, கடைசியா எப்ப சாப்பிட்டான்னுதான். நோட்டைக் கொடுத்தேன். ஒரு வார்த்தை மறுபடி கேக்கல, அதை நம்பி வைத்தியம் பார்த்தார். நாளைக்கு இந்த நோட்டுல எது அன்னைக்கு எழுதினது, எது அப்புறம் எழுதினதுன்னு எனக்கே சந்தேகம் வந்துட்டா? நீங்க கேட்டா கையெழுத்துப் போடுறேங்க்கா. ஆனா கேக்காதீங்க."

சுவர்க் கடிகாரம் 1.20 காட்டியது. மாணவி எழுந்தாள். ஒவ்வொரு பாயாகக் குனிந்து, மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, குப்புறக் கிடந்த ஒன்றைப் புரட்டிப் போட்டு, மூக்கு அடைத்துக்கொண்டு மூச்சுவிட்ட இன்னொன்றின் தலையைச் சற்று உயர்த்தினாள். கதவருகே தொங்கிய தாளில் பதினாலு கட்டங்களிலும் குறியிட்டாள். இடது பக்கம் என்றால் இ, வலது என்றால் வ, மல்லாக்க என்றால் ம. வரிசையின் கடைசியில் பார்த்தவரின் எழுத்து. பொறுப்பாளர் பார்த்தால் பொ, பயிற்சி மாணவி பார்த்தால் ப. பத்து நிமிடத்துக்கு ஒரு வரிசை. அதற்குக் காப்பகத்தில் மூச்சுத் தாள் என்று பெயர்.

ப என்று போட்டுவிட்டுப் பேனாவை எடுக்காமல் நின்றாள்.

திரும்பி வந்து, "இந்தத் தாளை எல்லாம் கிழிச்சுப் போட்டுடுறோமா?" என்று கேட்டாள்.

"வருஷம் முடியற வரைக்கும் அலமாரி மேல இருக்கும்."

"சாப்பாட்டுத் தாள்?"

"அதுவும்தான்" என்றார் பொறுப்பாளர். பிறகு, "ஏணி சமையலறைக்குப் பின்னாடி இருக்குக்கா" என்றார்.

அடுத்த பத்து நாட்கள், பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்துக்கொண்டு போன பிறகு, மாணவி பிள்ளைகளின் முழங்கால் உயர மேசையருகே குட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து தாள்களைப் பொருத்தினாள். நோட்டில் 'தூங்கினோம்' என்று வந்த இடத்திலெல்லாம் அன்றைய மூச்சுத் தாளை எடுத்து, எத்தனை வரிசையில் ப இருக்கிறது என்று பார்த்தாள். 'சாப்பிட்டோம்' என்று வந்த இடத்தில், எந்தப் பிள்ளை எத்தனை கரண்டி சாப்பிட்டது, யார் துப்பியது, யார் ஊட்டியது என்று எழுதிய சாப்பாட்டுத் தாளை வைத்தாள். ஒரு நாள்கூடத் தாள் தவறியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வீட்டு மேசையில் கணவரும் அவளும் கூட்டினார்கள். தூக்கம் 82 மணி. உணவு 30 மணி 45 நிமிடம். ஏற்கெனவே தேறிய 83.

கணவர் இரண்டு முறை கூட்டிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். "நூத்தித் தொண்ணூத்தஞ்சே முக்கால்."

"இன்னும் நாலே கால் மணி நேரம்."

"விளையாட்டுக்குத் தாள் இல்லையா?"

"மணல் தொட்டியில நின்னுக்கிட்டு யாருங்க தாள் எழுதுவா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அப்போ ஒரு பத்துப் பதினஞ்சு வரியை மட்டும் மாத்து டேப்பு. கேட்டா கையெழுத்துப் போடுறேன்னு சொல்லிட்டாங்களே, உள்ளுக்குள்ள ஒரு எழுத்துதானே. யார் குடி முழுகப்போகுது?"

அவள் தாள்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "நீங்க பார்க்கிற லிப்ட்ல உள்ளுக்குள்ள ஒரு அட்டை தொங்குதில்ல, மாசாமாசம் கையெழுத்துப் போடுறது. பார்க்காத மாசத்துக்கு எப்பவாவது போட்டிருக்கீங்களா?"

"அது கயிறு சம்பந்தப்பட்டது."

"இது மூச்சு சம்பந்தப்பட்டது."

கணவர் பென்சிலை மறுபடி எடுத்தார். "சரி, இன்னொரு தடவை கூட்டிப் பார்ப்போம். எங்கேயாவது பிசகியிருக்கலாம்" என்றார். பிசகியிருக்கவில்லை. மூன்றாம் முறையும் அதேதான் வந்தது.

மறுநாள், மனுவுக்குக் கடைசி நாளுக்கு முந்தைய நாள், காலை 10.35க்கு மணல் தொட்டியில் அணில் கடித்தது.

அணில் என்பது இரண்டு வயதுப் பெண் குழந்தை. எதைக் கண்டாலும் கொறிப்பதால் வந்த பெயர். கடிபட்டவன் அமைச்சர். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லோரையும் மேற்பார்வையிட்டு நடக்கும் மூன்று வயதுக்காரன். கையைக் கட்டியிருந்ததால் தடுக்க முடியவில்லை. மாணவி அமைச்சரைத் தூக்கி, தோளில் பட்ட பல்தடத்தைக் குளிர்ந்த துணியால் ஒற்றினாள். பொறுப்பாளர் உள்ளேயிருந்து நீல அட்டை போட்ட கீறல் நோட்டை எடுத்துவந்து, சுவரில் சாய்ந்து எழுதினார். பிள்ளைக்கோ பார்த்துக்கொள்பவருக்கோ கீறல், கடி, வீக்கம் எது ஏற்பட்டாலும் அதில் ஏற வேண்டும்.

எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார். "நேரம் பத்து முப்பத்தஞ்சு. இடம் மணல் தொட்டி. அப்போது பார்த்துக்கொண்டிருந்தவர், பயிற்சி மாணவி."

மாணவி அமைச்சரை இடுப்பில் வைத்தபடியே, "அந்த நோட்டைக் கொஞ்சம் கொடுங்க" என்றாள்.

அவளுடைய நாற்பத்தொரு நாளில் பதினோரு நாட்கள் கீறல் நோட்டில் இருந்தன. பதிமூன்று கடிகள். எல்லாம் 10.30க்கும் 10.55க்கும் இடையில். எல்லாவற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவளே. பதினோரு நாள், நாளுக்கு இருபத்தைந்து நிமிடம். நாலு மணி முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது.

பொறுப்பாளருக்கு விஷயம் புரிந்ததும் நோட்டை மூடினார்.

"அக்கா, இதைத் துறைக்காரங்ககிட்ட கொண்டு போனா என்ன அர்த்தம் தெரியுமா? உங்க கண் முன்னாடி பதிமூணு தடவை கடி விழுந்திருக்குன்னு நாமளே எழுதிக் கொடுக்கிறோம். 'கவனக்குறைவு'ன்னு ஒரு வார்த்தை போட்டாங்கன்னா உதவித்தொகையோட போகாது, படிப்பே போயிடும். எனக்கும் ஒரு கடிதம் வரும்."

"உங்களுக்குக் கடிதம் வந்தா என்ன ஆகும்?"

"பதில் எழுதணும்."

"நீங்க வேண்டாம்னா கொண்டு போகல."

பொறுப்பாளர் அணிலைப் பார்த்தார். அது மணல் அள்ளும் கரண்டியின் கைப்பிடியைக் கொறித்துக்கொண்டிருந்தது. "நடந்ததைத்தானே எழுதியிருக்கு" என்றார். "எடுத்துட்டுப் போங்க. மூல நோட்டைத் தொலைச்சுடாதீங்க. இந்த வேகத்துல அணில் இருந்தா நாளைக்கே தேவைப்படும்."

பிப்ரவரி இருபத்து மூன்றாம் தேதி மனு கொடுக்கப்பட்டது. இருபத்தைந்தாம் தேதி துணை இயக்குநரின் அறையில் விசாரணை. துணை இயக்குநர் ஐம்பது வயதுப் பெண்மணி. உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். பக்கத்தில் ஆறாம் சன்னல் எழுத்தர், மடியில் கோப்பும் கையில் அடிக்கோலுமாக.

"கூட்டல் எல்லாம் பார்த்துட்டேன் மேடம்" என்றார் எழுத்தர். "தாளும் நோட்டும் ஒத்துப்போகுது. ஒரு நாள் ரெண்டே காலுக்கு ஒரு வரிசை அதிகமா இருக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுங்கிறது முறை. இது அஞ்சு நிமிஷத்துல."

துணை இயக்குநர் மாணவியைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஒரு குழந்தைக்குச் சளி மேடம். மூச்சு இழுத்துச்சு. அதனால சீக்கிரம் பார்த்தேன்."

"அதைத் தனியா எழுதலையே?"

"ம-னாவுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வெச்சிருக்கேன்."

எழுத்தர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "இருக்கு" என்றார்.

தூக்கமும் உணவும் கால் மணி நேரத்தில் முடிந்தன. பிறகு துணை இயக்குநர் நீல அட்டை நோட்டைத் திறந்தார். பக்கம் பக்கமாக, அவசரப்படாமல் படித்தார்.

"இதை எதுக்குக் கொண்டு வந்தீங்க? உங்களுக்கு எதிரா இல்ல இருக்கு."

"தெரியும் மேடம். அந்த நேரத்துல நான் அங்கதான் நின்னேன்ங்கிறதுக்கு என்கிட்ட வேற தாள் இல்ல."

"பதிமூணு கடி."

"அதுல எட்டு என் கை மேடம்."

"உங்க கை எப்படி அங்க வந்துச்சு?"

"நடுவுல வெச்சேன்."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். மாணவி சட்டைக் கையை மடக்கவில்லை, காட்டவும் இல்லை.

"மீதி அஞ்சு?" என்றார் துணை இயக்குநர்.

"அஞ்சு தடவை நான் லேட்டு."

துணை இயக்குநர் தேதிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். "முதல் மூணு வாரம் அடிக்கடி வருது. அப்புறம் குறையுது. என்ன செஞ்சீங்க?"

"பல் முளைக்கிற நேரம் மேடம். மணல் தொட்டிக்குப் போறதுக்கு முன்னாடி, குளிர்ந்த தண்ணியில நனைச்ச துணியைக் கடிக்கக் கொடுத்தோம்." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "கொடுத்தேன்."

"இப்ப கடிக்கிறதில்லையா?"

"போன திங்கக்கிழமை ஒண்ணு மேடம். அன்னைக்குத் துணி கொடுக்க மறந்துட்டேன். அது இந்தக் கணக்குல வராது. ஆனா நோட்டுல இருக்கு, கடைசிப் பக்கம்."

துணை இயக்குநர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பயிற்சி நோட்டை இழுத்து, சிவப்புக் கோட்டுக்குக் கீழே தெரிந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"இந்த 'அழுதோம்'. நாலு நாள், மொத்தம் ஒரு மணி பத்து நிமிஷம். இதுக்கு என்ன தாள்?"

"தாள் இல்ல மேடம். அழுகைக்குத் தாள் கிடையாது."

"இதுலயும் நீங்க சேர்த்தி இல்லைன்னு சொல்றீங்களா?"

மாணவி யோசித்தாள். "மூணு நாள் சேர்த்தி இல்ல. முதல் நாள் உண்டு. பதினாலு பேரும் ஒண்ணா அழுதாங்க. யாரை முதல்ல தூக்குறதுன்னு தெரியல."

எழுத்தர் அடிக்கோலைத் துடைத்தார்.

"இது எனக்குப் புரியுது சார்" என்றாள் மாணவி, எழுத்தரைப் பார்த்து. "அதை அடிச்சது சரிதான். மத்ததைக் கணக்குல எடுத்துக்கோங்க."

துணை இயக்குநர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். முடிவு தபாலில் வரும் என்றார். கதவுக்கு வெளியே எழுத்தர் பின்னாலேயே வந்து, கீறல் நோட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இதை அங்கேயே விட்டுட்டுப் போறீங்க."

"மன்னிச்சுக்கோங்க சார்."

"என் பேத்தியும் கடிக்கிறா" என்றார். "துணி குளிர்ந்த தண்ணியிலதானே? ஐஸ் போடணுமா?"

"ஐஸ் வேண்டாம் சார். சும்மா குளிர்ந்த தண்ணி. நல்லாப் பிழிஞ்சுடுவோம்."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

மார்ச் மூன்றாம் தேதி கடிதம் வந்தது. தூக்கம் 82 மணியும், உணவு 30 மணி 45 நிமிடமும், விளையாட்டில் சான்று உள்ள 4 மணி 35 நிமிடமும் பணி நேரமாக ஏற்கப்பட்டன. மொத்தம் 200 மணி 20 நிமிடம். விளையாட்டில் மீதமுள்ள 12 மணி 30 நிமிடமும், 'அழுதோம்' 1 மணி 10 நிமிடமும் ஏற்கப்படவில்லை. பதிமூன்று கடிகள் குறித்து ஏழு நாட்களுக்குள் விளக்கம் தருமாறு காப்பகப் பொறுப்பாளருக்கு வேறொரு கடிதம் போயிற்று. அவர் ஒன்றரைப் பக்கத்தில் பதில் எழுதினார். மேல்நடவடிக்கை எதுவும் இல்லை.

இரண்டாம் பருவம் மார்ச் எட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது. வருகைப் பதிவேட்டில் இருபத்தாறு பேர். பதினேழாம் எண்ணுக்கு நேரே மாணவி கையெழுத்திட்டாள்.